வீடியோ சுவரும் ஒற்றைத் திரை மோகமும்

ரயில் நிலையக் கூடங்களிலும் வங்கித் தலைமையகங்களிலும், மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் நிலையங்களிலும் மாநகரக் கட்டுப்பாட்டு அறைகளிலும், பல திரைகளை அடுக்கி எழுப்பிய வீடியோ சுவரைக் காண்பது இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. அந்தச் சுவரைப் பற்றி ஓர் அபிப்பிராயம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. விற்பவர் அதையே சொல்லுகிறார்; வாங்குபவர் அதையே கேட்கிறார்; பொருத்த வருகிறவரும் பெரும்பாலும் அதையே வேதவாக்காகக் கொண்டு வேலையைத் தொடங்குகிறார். மிகப் பெரிய தொலைக்காட்சி ஒன்றை ஒரே துண்டாகச் செய்து ஏற்றி இறக்க இயலாமையால்தான் அதைத் துண்டு துண்டாகச் செய்து சுவரில் சேர்க்கிறோம் என்பதும், ஆகவே துண்டுகளுக்கிடையே தெரியும் கோடு அந்தச் சுவரின் பிறவிக் குறை என்பதும், அந்தக் கோடு எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு சுவர் உயர்ந்தது என்பதும், கேபிளைத் திரைக்குத் திரை சங்கிலியாக மாட்டி மெனுவில் எண் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்பதும் அந்த அபிப்பிராயத்தின் அங்கங்கள். இவை அனைத்தும் பிழை என்பது என் கட்சி. பல திரைகள் சேர்ந்த சுவர், பலவாக இருப்பதனாலேயே பயன் தருகிறது. அதை ஒன்றாகத் தோற்றுவிப்பதற்கென்று நாம் செலவிடும் பணமும் கவலையும், உண்மையில் அதைக் கெடுக்கின்ற குறைகளின் பக்கம் நம் பார்வை திரும்பாதபடி செய்துவிடுகின்றன.

இந்தச் சாதனத்தின் பூர்வ சரித்திரத்தைப் பார்த்தாலே ஒற்றைத் திரை வாதத்துக்கு ஆதாரம் இல்லை என்பது விளங்கும். 1959-இல் மாஸ்கோவின் சோகொல்னிகிப் பூங்காவில் அமெரிக்கர் நடத்திய கண்காட்சியில், பக்மின்ஸ்டர் ஃபுல்லர் வகுத்த கோளக் கூடத்தினுள், வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் ஏழு பெருந்திரைகளை அமைத்து, பன்னிரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 2,200-க்கும் அதிகமான படங்களைக் காட்டினார்கள். ஒரே படத்தை ஏழாக வெட்டிப் பெரிதாக்குவது அவர்களுடைய நோக்கமாக இருக்கவில்லை. ஒரு நாட்டின் அன்றாட வாழ்வை ஒரே க்ஷணத்தில் ஏழு விதமாகக் காணும்போது, கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். மனம் தானே ஒப்பிட்டுத் தானே தொகுத்துக்கொள்ளும். அந்தத் தொகுப்பே காட்சியின் பொருளாக நிற்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1967-இல் மான்ட்ரியல் உலகக் கண்காட்சியின் செக்கோஸ்லோவாகியக் கூடத்தில், நாடக மேடையமைப்பில் மேதையான யோசெஃப் ஸ்வோபோதா 112 சதுரப் பெட்டிகளைச் சுவராக அடுக்கினார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு ஸ்லைடு புரொஜெக்டர்கள். மொத்தம் ஏறக்குறைய 15,000 ஸ்லைடுகள். பெட்டிகளோ முன்னும் பின்னும் நகரவும் வல்லவை. இன்றைய வீடியோ சுவருக்கு இதைவிட நெருங்கிய மூதாதை வேறில்லை. அந்தப் பெட்டிகளில் ஓடியது உலகத்தின் சிருஷ்டிக் கதை. எமில் ராடோக் இயக்கிய அந்தக் காட்சியில், சதுரத்துக்கும் சதுரத்துக்கும் இடையே ஓடிய கோடுகளை மறைக்க எவரும் முற்படவில்லை. கோடுகளே அந்தக் கலையின் தாளமாக இருந்தன.

பின்னர் வந்த வீடியோ கலைஞர் நாம் ஜூன் பைக், 1988-இல் தென்கொரியாவின் க்வாச்சன் நகரத்து நவீனக் கலைக் கூடத்தில், 1,003 தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கொண்டு பதினெட்டரை மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். அந்த நாட்டின் ஸ்தாபன தினமான அக்டோபர் 3-ஐ நினைவூட்டும் எண்ணிக்கை அது. பழைய கண்ணாடிக் குழாய்கள் தேய்ந்து அபாயம் நேரும் நிலைக்கு வந்ததால் 2018-இல் கோபுரத்தை அணைத்தார்கள். அதன் பின்னர் அதை என்ன செய்வதென்ற கேள்வி எழுந்தது. புதிய தட்டைத் திரைகளை இடைவெளியின்றிப் போர்த்தி, அதே படங்களை முன்னிலும் பிரகாசமாகக் காட்டியிருக்கலாம். அந்தச் சுலப மார்க்கத்தை அவர்கள் எடுக்கவில்லை. 737 குழாய்ப் பெட்டிகளைப் பழுதுபார்த்தும், அதே வகைப் பழைய பெட்டிகளைத் தேடிப் பிடித்து மாற்றியும், முற்றிலும் கைவிட நேர்ந்த 266 பெட்டிகளில் மட்டும் வெளித்தோற்றம் மாறாதபடி தட்டைத் திரைகளை வைத்தும், 2022-இல் கோபுரத்துக்கு மீண்டும் ஒளியூட்டினார்கள். பெட்டி பெட்டியாகத் தெரிவதுதான் அந்தப் படைப்பின் உயிர் என்பதைக் காப்பாளர்கள் புரிந்துகொண்ட விதம் போற்றத்தக்கது.

கலைஞர்கள் தங்கள் மனோதர்மப்படி செய்ததை அலுவலகங்களுக்குப் பிரமாணமாகக் காட்டலாமா என்று எதிர்க்கட்சியினர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. கலையை விட்டு விஞ்ஞானத்துக்கு வருவோம். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில் ஹைப்பர்வால் என்றொரு சுவர் உண்டு. முதலில் அமைந்தது ஏழுக்கு ஏழாக 49 திரைகள். 2008-இல் எழுந்த இரண்டாவது, எட்டு வரிசையாக 128 திரைகள், 23 அடி அகலம், 10 அடி உயரம், மொத்தம் ஏறக்குறைய 24 கோடியே 50 லட்சம் பிக்சல். விமானத்தின் இறக்கையைச் சுற்றிக் காற்று ஓடும் விதத்தைக் கணிப்பொறியில் கணக்கிட்டவர், சாய்கோணத்தை ஒரு திசையிலும் வேகத்தை மறு திசையிலும் சிறிது சிறிதாக மாற்றி வைத்த பல கணக்குகளின் விளைவுகளை அங்கே பக்கம் பக்கமாக நிறுத்திப் பார்க்கலாம். ஒரே படத்தை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் ஞாபகத்தை நம்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே பார்த்தால் கண்ணை நம்பலாம். அதே 2008-இல் ஆஸ்டின் நகரத்து டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் கணிப்பு மையம், மேஜைமேல் வைத்து வேலைசெய்யும் 30 அங்குல மானிட்டர்கள் 75-ஐ அடுக்கி, 30 கோடிப் பிக்சலுக்கு மேற்பட்ட ஒரு சுவரை உருவாக்கியது. அந்த மானிட்டர்களின் விளிம்புச் சட்டம் விரல் தடிப்புக்கு இருந்தது. 2012-இல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் ஓர் அறையின் நான்கு பக்கமும் 416 திரைகளால் சூழப்பட்டு, பிக்சல் எண்ணிக்கை 150 கோடியைத் தொட்டது. இவர்களில் எவரும் கோட்டைக் கண்டு கலங்கவில்லை. தூர நின்றால் முழுமையும், கிட்டே நடந்தால் நுணுக்கமும் கிடைக்கவேண்டும் என்பதே அவர்களுடைய தேவை. அந்தத் தேவைக்குப் பிக்சலின் பெருக்கம் இன்றியமையாதது. விளிம்புக் கோடு சகித்துக்கொள்ளத்தக்கது.

கோட்டைப் பற்றியே சற்று விரிவாகப் பேசலாம். சந்தையில் மிகுதியாக விற்கும் 55 அங்குல எல்சிடி பேனல்களில், ஒரு பேனலின் படம் முடியும் இடத்துக்கும் அடுத்ததன் படம் தொடங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி முன்னர் 5.5 மில்லிமீட்டராக இருந்தது, பிறகு 3.5 ஆயிற்று, பிறகு 1.8, இப்போது 0.88 வரைக்கும் இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் விலை ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் இனிக் கோடு தெரியாது என்ற வாக்குறுதியும் கூடவே வருகிறது. ஆனால் மனிதக் கண்ணின் இயல்பு அந்த வாக்குறுதிக்கு இடம் கொடுப்பதில்லை. இரண்டு புள்ளிகளை வெவ்வேறாகப் பிரித்தறிய, அவை கண்ணில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்காவது விலகி நிற்கவேண்டும் என்பது பிரசித்தமான அளவு. அந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டால் 0.88 மில்லிமீட்டர் கோடு மூன்று மீட்டருக்கு அப்பால் மறைந்துவிடவேண்டும். ஆனால் பிரகாசமான பின்னணியில் நீண்டு கிடக்கும் ஒரு கருங்கோட்டைக் கண்டுகொள்வது வேறு காரியம். 1939-இல் ஹெக்ட், மின்ட்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர், நல்ல வெளிச்சத்தில், ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்குக்கும் குறைந்த தடிப்புள்ள கம்பியைக்கூடக் கண் கண்டுகொள்கிறது என்று அளந்து காட்டினார்கள். எனவே மண்டபத்தின் கடைக்கோடியில் உட்கார்ந்திருப்பவருக்கும், வெண்மையான படம் ஓடும்போது, நாம் பெரும் பொருள் கொடுத்து மெலியவைத்த அந்தக் கோடு தெரியத்தான் செய்யும். மெலிந்த கோடு தடித்த கோட்டைவிட உறுத்தல் குறைந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அதை அழித்துவிட்டோம் என்ற நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன்.

இனி, கோட்டை விடப் பன்மடங்கு பெரிய குறை ஒன்றைச் சொல்லுகிறேன். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பேனல்கள். ஒவ்வொன்றும் 1920-க்கு 1080 பிக்சல். ஆக, சுவருக்கு உரிய முழுச் செல்வம் 5760-க்கு 3240. இப்போது வழக்கமான முறைப்படி ஒரே ஒரு கணிப்பொறியிலிருந்து ஒரே ஒரு கேபிளை முதல் பேனலுக்குக் கொடுத்து, அங்கிருந்து லூப் எடுத்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் என்று ஒன்பது வரையில் சங்கிலியாகக் கொண்டுபோகிறார்கள். அனுப்பும் சிக்னல் 4கே என்றே வைத்துக்கொள்வோம். அதாவது 3840-க்கு 2160. ஒவ்வொரு பேனலும் மெனுவில் தனக்குக் கொடுத்த எண்ணைப் பார்த்து, அந்தப் படத்தின் ஒன்பதில் ஒரு பங்கை, 1280-க்கு 720 அளவுள்ள துண்டை மட்டும் வெட்டியெடுத்து, அதை ஒன்றரை மடங்கு இழுத்துத் தன் முகம் முழுதும் பூசிக்கொள்கிறது. ஒரு படி பாலில் தண்ணீர் விட்டு இரண்டேகால் படியாக்கிப் பரிமாறுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அனுப்பும் சிக்னல் 4கே-யாக இல்லாமல் சாதாரண 1080 ஆக இருந்தால், ஒவ்வொரு பேனலுக்கும் கிடைப்பது 640-க்கு 360. விலை கொடுத்து வாங்கிய பிக்சலில் ஒன்பதில் எட்டுப் பங்கு வெறும் நிரப்புச் சாந்து. எழுத்துகள் மங்குகின்றன, வரைபடத்தில் தெருப் பெயர்கள் கூழாகின்றன, கண்காணிப்புக் கேமராவில் பதிவான வண்டி எண் பெரிதாகத் தெரிகிறதே தவிர வாசிக்க முடிவதில்லை. இதைப் பார்த்துவிட்டு, கோடு சற்று மெலிந்த பேனல் வாங்கியிருக்கலாமோ என்று வருத்தப்படுகிறவர்களைக் காணும்போது என் மனம் மிகவும் சங்கடப்படுகிறது.

சங்கிலியில் வேறு தீங்குகளும் உண்டு. நடுவில் ஒரு பேனலின் உள்ளீட்டுப் பலகை பழுதானால் அதற்குப் பின் தொடுக்கப்பட்டவை எல்லாம் இருண்டுபோகும். காப்புரிமைப் பூட்டுள்ள படத்தை எச்டிஎம்ஐ வழியாக அனுப்பும்போது, சங்கிலி நீள நீள அந்தப் பூட்டின் கைகுலுக்கல் தடுமாறி, படம் வந்தும் போயும் துன்பப்படுத்தும். இதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. ஒன்பது பேனலுக்கும் ஒன்பது தனி வெளியீடுகளைத் தரும் கண்ட்ரோலர்கள் இருக்கின்றன. ஒரே கணிப்பொறியில் பல கிராபிக்ஸ் கார்டுகளைப் பொருத்தி, அவற்றின் வெளியீடுகள் அனைத்தையும் ஒரே மேஜைப்பரப்பாக இணைக்கும் மென்பொருள்களை என்விடியாவும் ஏஎம்டியும் பல ஆண்டுகளாகத் தந்துவருகின்றன. செலவு கூடும், மறுக்க முடியாது. ஆனால் 3.5-லிருந்து 0.88-க்கு இறங்குவதற்குச் சம்மதித்த கைகள், பேனலுக்கு உயிரூட்டும் சிக்னலுக்கு மட்டும் சுருங்குவதற்கு நியாயம் என்ன?

அசையும் படத்தில் தெரியும் இன்னொரு பிளவு இருக்கிறது. இதைப் பற்றி விற்பனைப் பிரசுரங்கள் மௌனம் சாதிக்கின்றன. ஒவ்வொரு பேனலும் தன் படத்தை மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை வரி வரியாக எழுதுகிறது. விநாடிக்கு 60 முறை எழுதுவதால், ஒரு முறை எழுதி முடிக்கச் சற்றேறக்குறைய 16.7 மில்லிவிநாடி ஆகும். எல்லாப் பேனல்களையும் துல்லியமாக ஒத்தியங்கச் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அப்படி ஒத்தியங்கும்போதுதான், மேல்வரிசைப் பேனலின் கடைசி வரி எழுதப்படும் நேரமும், அதற்கு நேர் கீழே ஒட்டியுள்ள பேனலின் முதல் வரி எழுதப்படும் நேரமும் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றின் அளவுக்கு விலகிநிற்கின்றன. மூன்று பேனல் அகலம் 3.6 மீட்டர் என்று கொண்டு, ஒரு ரயில் வண்டி அந்த அகலத்தை மூன்று விநாடியில் கடக்கிறது என்று கொண்டால், அந்த நேர வித்தியாசத்துக்குள் வண்டி 20 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. இரண்டு வரிசையிலும் நிமிர்ந்து நிற்கும் அதன் கதவு, சேரும் இடத்தில் 20 மில்லிமீட்டர் விலகி முறிந்ததுபோல் தோன்றுகிறது. ஒத்தியக்கமே இல்லாத சுவர்களில் இந்த முறிவு இன்னும் தாறுமாறாக இருக்கும். 0.88 மில்லிமீட்டர் கோட்டுக்கு வரிசையில் நின்றவர் கண்ணுக்கு, அதைப்போல இருபது மடங்குக்கு மேற்பட்ட இந்த முறிவு ஏன் படவில்லை? விளம்பரப் படங்களில் மலரும் மலையும் கடலும் மெல்ல நகர்வதனால்தான். வேகமாகப் பக்கவாட்டில் ஓடும் காட்சியை ஒற்றைப் பெருந்திரையாகக் காட்டாதிருப்பதோ, கண்ட்ரோலரில் வரிசைக்கு வரிசை நேரத்தைத் தள்ளிவைக்கும் வசதியைத் தேடி வாங்குவதோ, இதற்குப் பரிகாரமாக முடியும். கோட்டை மெலியவைப்பது ஒருக்காலும் பரிகாரம் ஆகாது.

நிறத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் அதிகம். ஏனெனில் ஒரு சுவர் ஒன்றாகத் தெரிகிறதா பலவாகத் தெரிகிறதா என்பதைக் கோட்டைவிட நிறமே முடிவு செய்கிறது. ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் செய்த பேனல்கள்கூட ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. ஒன்றின் வெண்மையில் நீலம் தட்டும், ஒன்றில் மஞ்சள் தட்டும். சாம்பல் நிறப் பரப்பு ஒன்றை முழுச் சுவரிலும் விரித்துப் பாருங்கள். கோடே இல்லாவிட்டாலும் சதுரங்கப் பலகை தெரியும். இதைச் சரிசெய்ய ஒளிமானியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பேனலின் முகத்திலும் வைத்து, வெண்மையும் பிரகாசமும் எத்தனை என்று அளந்து, எல்லாவற்றிலும் மங்கலான பேனல் எதுவோ அதன் அளவுக்கு மற்றவற்றை இறக்கவேண்டும். எட்டு பேனல்கள் 480 அலகு பிரகாசமும் ஒன்பதாவது 430 அலகும் காட்டினால், சுவர் முழுதும் 430-க்கு வந்தாகவேண்டும். தாம் விலை கொடுத்து வாங்கிய பிரகாசத்தைக் குறைப்பதாவது என்று உரிமையாளர் கோபிப்பார். ஆயினும் வேறு வழி கிடையாது. மங்கலானதைப் பிரகாசமாக்க முடியாது, பிரகாசமானதைத்தான் அடக்க முடியும்.

ஒரு தடவை சரிசெய்தால் போதும் என்பதும் இல்லை. பின்னொளியின் ஆயுள் என்று குறிப்பிடும் 50,000 மணி என்பது, விளக்கு அணையும் காலத்தைக் காட்டவில்லை. பிரகாசம் பாதியாகத் தேயும் காலத்தைக் காட்டுகிறது. இருபத்துநான்கு மணி நேரமும் எரியும் கட்டுப்பாட்டு அறையில் அது ஆறு ஆண்டுக்குள் வந்துவிடும். தேய்மானமும் எல்லாப் பேனலிலும் ஒரே சீராக நேர்வதில்லை. சூடான காற்று மேலே ஏறுகிறபடியால் மேல்வரிசைப் பேனல்கள் கீழ்வரிசையைவிட வெப்பத்தில் வேகின்றன. எந்நேரமும் வெண்மையான அட்டவணை காட்டும் பேனல் ஒருவிதமாகவும், இருண்ட வரைபடம் காட்டும் பேனல் வேறுவிதமாகவும் மாறுகின்றன. மூன்றாம் ஆண்டில் ஒன்று பழுதாகிப் புத்தம் புதிய பேனலை அதன் இடத்தில் வைத்தால், அந்தப் புதுமையே சுவருக்குக் களங்கமாகிவிடும். ஆகவே தொடக்கத்திலேயே ஒரே உற்பத்தித் தொகுதியிலிருந்து ஓரிரண்டு பேனல்களைக் கூடுதலாக வாங்கி, அவற்றையும் அவ்வப்போது இடம் மாற்றி எரியவைப்பது விவேகிகள் கைக்கொள்ளும் முறை. நம் ஒப்பந்தப் பத்திரங்களிலோ கோட்டின் தடிப்புக்குத் தசமபாகம் வரை நிபந்தனை இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை நிறத்தை அளந்து சமன்செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லாத பத்திரங்களே என் பார்வைக்கு மிகுதியாக வந்திருக்கின்றன.

பேனல்களில் விளிம்பு ஈடுசெய்தல் என்றொரு வசதி உண்டு. விளிம்புச் சட்டத்துக்குப் பின்னாலும் படம் தொடர்கிறது என்று பாவித்துக்கொண்டு, அங்கே விழவேண்டிய பிக்சல்களைக் காட்டாமல் விழுங்கிவிடுவது அதன் வேலை. ஜன்னலின் குறுக்குக் கம்பிக்குப் பின்னே தெரியும் தென்னைமரம் கம்பியின் இரு பக்கமும் நேராகத் தொடர்வதுபோல், சாய்கோடுகள் முறியாமல் செல்லும். புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும் அது நல்லதே. ஆனால் ஒற்றைத் திரை மோகத்தினால் அதை எப்போதும் இயக்கிவைப்பவர்கள், அதே சுவரில் அட்டவணையும் அறிவிப்பும் காட்டும்போது என்ன நேர்கிறது என்று பார்ப்பதில்லை. 55 அங்குலப் பேனலில் ஒரு பிக்சல் 0.63 மில்லிமீட்டர், 3.5 மில்லிமீட்டர் கோட்டில் ஐந்தரைப் பிக்சல் மறைகிறது. ஆங்கில எழுத்தில் ஐந்து பிக்சல் போனால் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். தமிழில் மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள புள்ளி அந்தக் கோட்டுக்குள் விழுந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடுகிறது, சொல் மாறுகிறது, ஊர்ப் பெயர் மாறுகிறது. எழுத்தும் எண்ணும் காட்டும் வேளையில் அந்த ஈடுசெய்தலை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சாளரத்தையும் பேனல் எல்லைக்குள் அடங்கும்படி அமைக்கவேண்டும். கோடு அப்போது ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே உள்ள ஓரவெளியாக இயல்பாக அமைந்து, வாசிப்புக்குத் துணையாகவே நிற்கும்.

இவ்வளவும் கேட்டபின், எல்சிடி சுவரின் காலம் முடிந்துவிட்டது, எல்இடி விளக்குகளையே நேராகப் பதித்த சுவர் வந்துவிட்டது, அதில் கோடே கிடையாது, ஆகையால் இந்த விவாதமே வீண் என்பார்கள். எதிர்த்தரப்பின் வாதங்களுள் மிகவும் வலுவானது இதுதான். மேடையின் பின்னணிக்கும், வெயில் புகும் கூடத்துக்கும், தொலைவிலிருந்து பார்க்கும் பெருங்காட்சிக்கும் எல்இடி சுவர் மேலானது என்பதை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளக்குக்கு விளக்கு 1.25 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள எல்இடி சுவரில், ஒரு 55 அங்குலப் பேனலின் பரப்புக்குள் அடங்குவது ஏறக்குறைய 967-க்கு 544 பிக்சல். அதே பரப்பில் எல்சிடி தருவது 1920-க்கு 1080. கோட்டை ஒழித்ததற்கு ஈடாக நான்கில் மூன்று பங்கு நுணுக்கத்தைக் கொடுத்துவிடுகிறோம். கிட்டே வந்து வரைபடம் வாசிக்க வேண்டியவருக்கு இது லாபகரமான பண்டமாற்று ஆகுமா? மேலும் எல்இடி சுவரும் சிறு சிறு மாட்யூல்களைச் சேர்த்தே எழுகிறது. ஒரு மாட்யூல் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும் அங்கே ஒரு கருங்கோடும், நெருங்கினால் ஒரு வெண்கோடும் உதிக்கும். பொருத்துபவர்கள் இரவெல்லாம் அந்தக் கோட்டைத் தட்டியும் நெம்பியும் சரிசெய்வது தொழிலறிந்தோர் எல்லாரும் அறிந்த விஷயம்.

இந்த மோகத்தினால் மிகுந்த நஷ்டம் விளைவது கட்டுப்பாட்டு அறைகளில். 2015 ஜூன் 25-இல் தொடங்கிய சீர்மிகு நகரங்கள் திட்டத்தின் கீழ் இந்தியாவின் 100 நகரங்களில், தமிழ்நாட்டின் 11 நகரங்கள் உட்பட, ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையங்கள் அமைந்தன. வீடியோ சுவர் அவற்றின் பிரதான அங்கம். அங்கே வேலைசெய்கிறவர் சுவருக்கு எதிரே எட்டு மணி நேரம் அமர்ந்திருக்கிறார். பார்வையிட வரும் பிரமுகரோ ஐந்து நிமிஷம் நிற்கிறார். ஒற்றைப் பெரும்படம் அந்த ஐந்து நிமிஷத்துக்கு உகந்தது. எட்டு மணி நேரத்துக்கு வேண்டியது வேறு. ஓர் எழுத்தைச் சிரமமின்றி வாசிக்க, அது கண்ணில் ஒரு பாகையின் மூன்றில் ஒரு பங்காவது உயரம் கொள்ளவேண்டும். ஆறு மீட்டர் தூரத்தில் அது சுவரில் 35 மில்லிமீட்டர். இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டு எழுத்தளவை நிர்ணயித்திருந்தால், நாற்காலியை விட்டு எழுந்து சுவரருகே சென்று வாசித்துவிட்டுத் திரும்பும் ஊழியரை நாம் காணவேண்டியிராது.

எதிர்மாறான மிகையையும் நான் ஆதரிக்கவில்லை. பலவாகக் காட்டு என்றால் அறுபது கேமராக்களை அறுபது கட்டங்களில் இரவுபகலாக ஓடவிடு என்று அர்த்தம் ஆகாது. 1948-இல் நார்மன் மக்வொர்த் என்ற உளவியலார், அரிதாக ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும் கடிகார முள்ளைக் கவனிக்கும்படி ஆட்களை உட்காரவைத்துச் சோதித்து, அரைமணி நேரத்துக்குள்ளேயே கவனம் கணிசமாகத் தளர்ந்துவிடுகிறது என்று காட்டினார். அறுபது கட்டங்களின் முன் உட்கார்ந்திருப்பவர் நிலையை அதிலிருந்து அனுமானித்துக்கொள்ளலாம். நடுவில் நகர வரைபடம் தன் முழுப் பிக்சலோடு நிலையாக நிற்க, மழைமானியும் நீர்மட்டமும் ஒரு ஓரத்தில் எண்களாக நிற்க, எச்சரிக்கை எழுந்த இடத்துக் கேமரா மட்டும் அப்போது வந்து அதன் அருகே திறக்க, வேலை முடிந்ததும் அது மூடிக்கொள்ள, அந்த இடம் மற்ற வேளைகளில் இருண்டே கிடக்குமாறு ஏற்பாடு செய்வதுதான் அமைப்பாளரின் உண்மையான தொழில். பல கணிப்பொறிகளிலிருந்து பல சாளரங்களை ஒரே சுவரில் வேண்டியபடி வைக்கவும் நகர்த்தவும் உதவும் மென்பொருளைச் சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தார் நெடுநாளாக வளர்த்து வருகிறார்கள். சந்தையில் விற்கும் கண்ட்ரோலர்களிலும் அந்த வசதி உண்டு. வாங்கியபின் அந்தப் பக்கத்தைத் திறக்காமலே, தொடக்க விழா அன்று போட்ட ஒற்றைப் படத்தை நாளும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

சுவரை ஏற்றுக்கொள்ளும் நாளில் விற்பனையாளர் தம்முடைய படச்சுருளைக் கொண்டுவருவார். நீலக் கடலும் மயிலும் மாலைச் சூரியனும் அதில் இருக்கும். வாங்குபவர் அதை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, முதலில் நடுச்சாம்பல் நிறம் ஒன்றைச் சுவர் முழுதும் விரிக்கச் சொல்லட்டும். பிறகு, ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் கருப்பும் வெளுப்புமாக மாறிவரும் கட்டப் படத்தைப் போடச் சொல்லட்டும். சிக்னல் இழுக்கப்பட்டு வருமானால் கட்டங்கள் குழம்பித் திட்டுத்திட்டாகத் தெரியும், முழுமையாக வருமானால் கிட்டே நின்று ஒவ்வொன்றையும் எண்ணலாம். அதன்பின் மேலிருந்து கீழ்வரை நிமிர்ந்த ஒரு வெண்கோட்டை மூன்று விநாடியில் இடமிருந்து வலம் ஓட்டச் சொல்லி, வரிசைகள் சேருமிடத்தில் அது முறிகிறதா என்று கவனிக்கட்டும். கடைசியாக, அந்த அறையில் அன்றாடம் வரப்போகும் அட்டவணையை, அதன் சொந்தத் தமிழ் எழுத்துகளோடு ஏற்றச் சொல்லிவிட்டு, ஊழியர் உட்காரப்போகும் நாற்காலியில் தாமே அமர்ந்து வாசித்துப் பார்க்கட்டும். கோட்டின் தடிப்பை அளக்க அளவுகோலை எடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். மேற்சொன்ன நான்கிலும் தேறாத சுவருக்குக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டால், அளவுகோலுக்கே வேலை வராது.